அப்பா நிறுத்த மறுக்கும் மாத்திரை

நீஷ்
27 டிசம்பர் 2020

என் தங்கம் ஒக்னியெனுக்கு அம்மா எழுதுவது. டொரன்டோவில் நீயும் மருமகளும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம் என்று எழுதக் கை வருகிறது, நாங்கள் சுகம் என்று எழுத வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த இரண்டு அறை வீட்டில் நான் பெருமூச்சு விட்டாலே உன் அப்பாவுக்குக் கேட்கும். அதனால் இதை எழுதிக் கதவுக்கு வெளியே வைக்கிறேன், கீழ்வீட்டு மிரியானா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

மார்ச்சிலிருந்து அவர் படி இறங்கவில்லை, உனக்கே தெரியும். நாலு வருடம் முன் உன் சிறுநீரகத்தை அவருக்கு வைத்த ஆஸ்பத்திரிப் பிரிவில் இப்போது முழுக்கத் தொற்றுக்காரர்கள், மாற்று அறுவை எல்லாம் நின்றுவிட்டது. பால்கனியில் நின்று பேருந்துகளை எண்ணுவதுதான் அவர் வேலை. பத்தொன்பதாம் தேதி நம் வீட்டுப் புனிதர் நிகோலாவின் நாள் வந்தது. யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்புவதுமில்லை என்றிருக்கிற நாளாயிற்றே, இந்த வருடம் விருந்து இல்லை என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். எனக்குத் தெரியாமல் அப்பா அதைக் கிழித்துவிட்டார். மதியம் உன் ஞானத்தகப்பன் ராதிசாவ் ஒரு புட்டியோடு வந்து நின்றார். "புனிதர் நாளன்னைக்கு ஞானத்தகப்பனை வாசல்லயே நிக்கவெச்சா, அப்புறம் நான் உயிரோட இருந்து என்ன பண்ண?" என்று அப்பா அவரை உள்ளே இழுத்து, வழக்கம்போல் மூன்று முத்தம். நானும் தடுக்கவில்லையடா. மீன் பொரித்த மணத்தோடு வீட்டில் இன்னொரு ஆள் குரல் கேட்டதும் எனக்கும் ஆசையாகிவிட்டது.

இரண்டு நாளில் ராதிசாவுக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை அப்பாவுக்கு. நீ கேட்டபோது தூங்குகிறார் என்று பொய் சொன்னேன், மன்னித்துவிடு. மருத்துவர் போனில், உடம்பின் எதிர்ப்பை அடக்கும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை இன்றே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால்தான் உடம்பு தொற்றோடு சண்டை போடும். ஆனால் அதே உடம்பு உன் சிறுநீரகத்தையும் அந்நியம் என்று தாக்கலாம். அவர் மாட்டேன் என்கிறார். "பையன் தன் வயித்தைக் கிழிச்சுக் குடுத்தது. நான் போனாலும் போறேன், அது கெடக் கூடாது" என்று மாத்திரைப் பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறார். "நீங்க போனப்புறம் அதை எந்த அலமாரியில வைக்கிறதாம்?" என்று கத்தினேன். சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்து நிற்கவே இல்லை. எனக்கு இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். கதவைத் திறந்து ஓடலாம் என்றால் எனக்கும் தொண்டை கரகரக்கிறது.

நீ விமானம் ஏறி வராதே. உன் பேச்சைத்தான் அவர் கேட்பார், கூப்பிட்டுப் பேசு. கொடுத்தது கொடுத்ததுதான், அது உங்களுடையது, கெட்டுப்போனாலும் எனக்கு வருத்தமில்லை என்று சொல். வருத்தம் இருந்தாலும் இல்லை என்று சொல், குரல் உடையாமல் சொல்.

புனித நிகோலா உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும். அப்பா அடுத்த மாத்திரை போடுவது இங்கே மாலை எட்டுக்கு, உனக்கு மதியம் இரண்டு. அதற்கு முன் கூப்பிடு.

உன் அம்மா
தெசங்கா