இரண்டாவது இழுப்பு

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் வீட்டுக்காரர் உன் போனைச் சுவரில் அடித்து உடைத்ததையும், கதவிடுக்கில் உன் விரல்களை வைத்துச் சாத்தியதையும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சொல்லிவிட்டார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விரல் நசுங்கியபோது நீ கத்தவே இல்லையாம். "இப்பல்லாம் வலிக்கறதே இல்லக்கா, கெட்டிப்பட்டுட்டேன்" என்று அவரிடம் சிரித்தாயாம். அம்மாவுக்கு அதில் பெருமை வேறு. "என் சின்னவ ரப்பர் மாதிரி. எவ்வளவு இழுத்தாலும் பழையபடி ஆயிடுவா. உன்னை மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்க மாட்டா" என்று என்னிடமே சொல்கிறாள்.

சோதனைக்கூடத்தில் இரும்புக் கம்பிகளை இயந்திரத்தில் மாட்டி இழுத்து அறுப்பது என் பிழைப்பு. கொஞ்சம் இழுத்து விட்டால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டினால் திரும்பாது. போன வாரம் அப்படித் தாண்டிய கம்பி இயந்திரத்தில் இருக்கும்போதே மின்சாரம் போனது. வந்ததும் எங்கள் டெக்னீஷியன் அதே கம்பியை முதலிலிருந்து சோதித்தார். "மேடம், இப்பதான் இன்னும் ஸ்ட்ராங்கா நிக்குது! பாஸ் போட்டுடலாமா?" என்று பல்லைக் காட்டினார். உண்மைதான். இரண்டாவது இழுப்பில் அது அதிக பாரம் தாங்கும். இன்னும் எவ்வளவு நீளும் என்கிற மிச்சம்தான் குறைந்திருக்கும். தொடர்ந்து இழுக்கச் சொன்னேன். வேட்டு வைத்த மாதிரி அறுந்து தெறித்து, தடுப்புக் கண்ணாடி விரிசல் விட்டது.

கெட்டிப்பட்டுவிட்டேன் என்று நீ சொன்னதைக் கேட்டதும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அதனால்தான். உன் கழுத்தில் விரல் தடம் இருக்கிறதாமே. அதைக் கேட்டபின் உன் வீட்டுக்காரனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கழுத்தை இயந்திரத்தின் பிடியில் மாட்டி, நிதானமாக இழுப்பதாக நினைத்துப் பார்த்தேன். படித்தவள் நினைக்கக் கூடாதுதான். இரண்டு முறை நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போனதும், துணி தைக்க அளவு கொடுப்பதுபோல் தையல்காரம்மா வீட்டுக்கு வா. நான் உள்ளே இருப்பேன். நகை, பெட்டி எதையும் தொடாதே. செருப்பு கிடைக்காவிட்டால் வெறுங்காலோடு வா. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கல்யாணத்தில் எல்லோரும் உன்னைத் தீர்க்கசுமங்கலியாக இருக்கச் சொன்னார்கள். எனக்கு நீ இருந்தால் போதும்.

உன் அக்கா