உங்க தறியோரமாவே நின்னாரே அவரு

ஆசை எஸ்தர் நங்கையா,

அங்க சௌரியமாங்கன்னு நான் கேக்கப் போறதில்லை. சௌரியமாத்தான் இருப்பீங்க. எனக்கு எரிச்சலே அதுதானுங்க.

நீங்க போயி ஒரு வருசம் ஆகப்போகுது. சபைப் பத்திரிகையில போடறதுக்கு உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுக்கச் சொல்லி போதகர் ஐயா கேட்டாரு. "அண்ணன் பொண்டாட்டியப் பத்தி நாத்தனா நல்லதா எழுதினா ஆருங்க ஐயா நம்புவாங்க?"ன்னேன். சிரிச்சுப்போட்டு, "மனசுல இருக்கறதை எழுதுங்க, போதும்"னாரு. மனசுல இருக்கறது பொறாமைங்க. அதையே எழுதறேன். படிக்கறவங்க படிச்சுக்கட்டும்.

பல்லடத்துத் தறிக்குடோன்ல உங்க தறியும் என்ற தறியும் எதிரெதிரே. தறி ஓடற சத்தத்துல பக்கத்துல நிக்கறவங்க கத்தினாலும் கேக்காது. உதட்டைப் பாத்துத்தான் பேச்சு. "சோத்துக்குப் போலாமா", "ஓனரு வாராரு", எல்லாம் உதட்டுலயே. நீங்க வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு நாள் என்னையப் பாத்தாப்புல நின்னுட்டு, "இந்த இழை நிக்க மாட்டேங்குதுங்க, கொஞ்சம் பாருங்களேன்"னு உதட்டை அசைச்சீங்க. நானும் என்ற தறியை நிறுத்திப்போட்டு ஓடியாந்தேன். உங்க காதுல வாயை வெச்சு, "எங்கீங்க அறுந்துது?"ன்னு கத்தினா, "உன்னையக் கூப்பிடலை அம்மணி, போ"ன்னீங்க.

ரெண்டு நாள் கழிச்சு மறுக்கா. "சின்ன வெங்காயம் இந்த வெலை விக்குதே, என்னத்தைங்க பண்றது?" நான் எதுத்தாப்புல இருந்து, "பெரிய வெங்காயத்தைப் போடுங்க"ன்னு உதட்டாலயே யோசனை சொன்னேன். நீங்க என்ற பக்கமே திரும்பலை. சாப்பாட்டு நேரத்துல வேப்பமரத்தடியில வெச்சுப் புடிச்சுக்கிட்டேன்.

"ஏனுங்க நங்கையா, ஆருகிட்டத்தான் பேசறீங்க?"

"ஆண்டவர்கிட்டத்தான்."

"தறிக்குடோனுக்குள்ளயா?"

"ஏன், உனக்கு எடம் பத்தலையா?"

"ஓனர்கிட்டச் சொல்லி அவருக்கும் ஒரு தறி குடுக்கச் சொல்லட்டுங்களா?"

"குடுத்தா உன்ற மாதிரி துணியில ஓட்டை உட மாட்டாரு. சோத்தைத் தின்னு."

சிரிச்சுப்போட்டேன். ஆனா அன்னைக்குப் புடிச்சதுங்க இந்த வயித்தெரிச்சல். நானும் பொறந்ததுல இருந்து கோயிலுக்குப் போறவதான். ஞாயித்துக்கிழமையானா முன் வரிசை. முட்டி போட்டா முட்டி வலிதான் தெரியுது. கண்ணை மூடினா அடுப்புல வெச்சுட்டு வந்த கொழம்புதான் தெரியுது. நீங்க என்னடான்னா அறுந்த இழையை முடிஞ்சுக்கிட்டே பேசறீங்க, புளியைக் கரைச்சுக்கிட்டே பேசறீங்க. கடைசியில "சரிங்க"ன்னு தலையாட்டறீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்கவே முடியலை. அப்படி என்னத்தைச் சொன்னாரு உங்ககிட்ட? நீங்க பேசறது எனக்கு உதட்டுல தெரியும். அவரு பேசறது? பக்கத்து ஊட்டுல விருந்து நடக்குது, எனக்கு வாசனை மட்டும் வருதுங்கற கதையாப் போச்சு.

கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில நீங்க படுத்திருந்தப்ப, மனசு கேக்காம கேட்டுப்போட்டேன். "அவரு என்னதான் சொல்லுவாரு நங்கையா? எனக்கும் சொல்லுங்களேன்."

"ஒண்ணும் சொன்னதில்லை அம்மணி."

"பின்னே எதுக்கு அந்த சரிங்க?"

"நான் சொல்லி முடிக்கற வரைக்கும் எந்திரிச்சுப் போகாம இருந்தாருல்ல, அதுக்கு."

இதைக் கேட்டு எனக்கு ஆறுதலாயிருக்கணும். ஆகலீங்க. எந்திரிச்சுப் போகாம இருக்கறதுக்கு அவரு என்ற பக்கத்துல வந்தாத்தானே?

இங்கத்த சேதி கேளுங்க. உங்க தறியில இப்ப ஒரு உடுமலைப்பேட்டைக்காரி நிக்கறா. நல்ல பொண்ணு, வேலைக்காரி, ஆனா உதடு அசையாது. அண்ணன் ரசம் வெக்கப் பழகிட்டாரு. தண்ணிதான், ஆனா சூடா இருக்கும். சக்கரைக்குப் போடற மாத்திரையைத்தான் மறந்துபோடறாரு. முன்னெல்லாம் தறியில நின்னுட்டே, "ஊட்டுக்காரரு மாத்திரை போட்டாரோ என்னமோ, பாத்துக்குங்க"ன்னு நீங்க சொல்றதைப் பாத்திருக்கேன். இப்ப அவருக்காக ஆருங்க சொல்றது? கால்ல ஒரு புண்ணு வந்து ஆற மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க.

அந்தப் பயத்துலதான் போன வாரம் நானும் வாயைத் தொறந்தேன். உங்க மாதிரி பதனமா வருமா எனக்கு? சண்டைதான் வந்துச்சு. தறிச் சத்தத்துல ஆருக்குக் கேக்கப்போகுதுன்னு தொண்டையைத் தொறந்து உட்டுட்டேன். சொல்லி வெச்சாப்புல கரண்டு போச்சு. எல்லாத் தறியும் ஒரேயடியா நின்னுபோச்சு. என்ற குரல் மட்டும் நிக்கலை.

"எங்க நங்கையாகிட்ட மட்டும் ஒட்டிக்கிட்டே நின்னீங்கல்ல? எங்கிட்ட வந்து நின்னா கொறஞ்சா போயிருவீங்க? அண்ணன் காலைக் கொஞ்சம் பாருங்கன்னா கேக்க மாட்டீங்களா?"

குடோனே திரும்பிப் பாக்குது. ஓனரு எட்டிப் பாத்து, "ஆருகிட்டங்க அம்மணி சண்டை?"ன்னாரு. "எஸ்தர் அக்காவோட ஆளுகிட்டங்க!"ன்னா மூலையில நூல் சுத்தற ஒருத்தி. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானுந்தான்.

கரண்டு வர்ற வரைக்கும் சும்மா உக்காந்து யோசிச்சேன். காலையில தறியை ஓட்டினதுல இருந்து நான் வாயை மூடவேயில்லை. பக்கத்துல இல்லாத ஆளுகிட்டயா ஒருத்தி இத்தனை நேரம் மல்லுக்கு நிப்பா? அத்தனை உரிமையா வாயில வருமா? எனக்கு விளங்கலை. உங்களுக்கு விளங்கியிருக்கும். அதுவும் பொறாமையாத்தான் இருக்குது.

அதுக்காக எரிச்சல் ஆறிப்போச்சுன்னு நினைச்சுக்காதீங்க. நீங்க அங்க நேருக்கு நேராப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. நான் இங்க பஞ்சுத் தூசிக்குள்ள தேடிட்டிருக்கேன். இது நியாயமாங்க? இதைத்தான் தெனமும் காலையில அவர்கிட்ட மொதல்ல கேக்கறேன். இந்தப் பொறாமையும் இல்லாட்டி எதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பேன்?

அண்ணன் காலைப் பத்தி இனி நான் ஆண்டவர்கிட்டச் சொல்லிக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க. ஒரு நாளும் உட மாட்டேன். அதைச் சொல்லி முடிச்சதும் உங்களைப் பத்திக் கோள் சொல்லுவேன். அவரு விசாரிச்சா, ஒண்ணையும் மறைக்காம ஒத்துக்கோங்க.

எரிஞ்சுக்கிட்டே உங்க மேல உசுரா இருக்கற
உங்க ஒரே நாத்தனா,
ஞானம்