வாத்துப் படத்துக்குக் கீழே இருந்த செருப்பு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இதை வேலைக்குப் போகும் அவசரத்தில் நின்றபடி படிக்காதே. சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்து படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பெண் வாண்டு நன்றாக இருக்கிறாள். என் பக்கத்தில்தான் மத்தியானத் தூக்கம் தூங்குகிறாள். காலில் செருப்போடு படுத்திருக்கிறாள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளை நாளை என்கிறார். போன தடவையும் நாலு நாள் இழுத்தடித்த ஆள், நான் மறக்கவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டேன், இன்று காலையையும் சேர்த்து. போனில் பார்த்துவிட்டு, வாண்டு முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டாய். சளி என்றேன். சளி இல்லை.

பத்தொன்பது நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை. குழந்தைகள் காப்பகத்திலிருந்து தினமும் அவள் பையில் ஒரு நோட்டு வருமே, அதில் அன்றைக்கு எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். "சாப்பாடு முழுவதும் சாப்பிட்டாள். ஒன்று முதல் மூன்று வரை நன்றாகத் தூங்கினாள்." வீட்டுக்கு வந்தவள் நாலு டம்ளர் தண்ணீர் குடித்தாள். வலது கை நகம் ஒன்று பிளந்திருந்தது. தலைமுடியில் ஒட்டடை. கேட்டால் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சாயங்காலம் காய்ச்சல். மறுநாள் ஆஸ்பத்திரியில், உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை என்று சொல்லி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

அங்கேதான் காப்பகத்துச் சமையல்கார அக்கா வந்தாள். சுற்றிமுற்றும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "பதினாறு தட்டு போட்டேம்மா. பதினஞ்சு காலியாச்சு. ஒண்ணு அப்படியே இருந்துச்சு. அதான் தேடிப் போனேன்."

முற்றத்தின் மூலையில் விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கிற அறை, தகரக் கூரை. பதினொரு மணிக்குப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டபோது வாண்டு அதற்குள் இருந்திருக்கிறாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காமல் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அக்கா போய்த் திறந்தபோது பன்னிரண்டே கால். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று காப்பகத்தை நடத்துகிற பெரிய மேடம் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாளாம். நோட்டில் எழுதச் சொன்னதும் அவள்தான். எழுதியது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சின்ன டீச்சர்.

பெரிய மேடத்தை உனக்குத் தெரியும். வாண்டைச் சேர்க்கப் போன அன்று, பச்சைப் புடவையில் உட்கார்ந்துகொண்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கைநாட்டுக்கு மை டப்பாவைத் தள்ளினாளே, அவள்தான். வியாழக்கிழமை நேரில் போய்க் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லையே, ஏன் பெரிசு பண்ணுகிறீர்கள் என்றாள். "உங்கள அந்த ரூமுல ஒரு மணி நேரம் போட்டுப் பூட்டுறேன். அப்புறம் நல்லாத் தூங்கினாங்கன்னு நோட்டுல நான் எழுதுறேன். மூணாங்கிளாஸ் படிச்சவ, அவ்வளவு எழுத வரும்" என்றேன். வேறு பெற்றோர்களும் சேர்ந்தார்கள். புகார் போனது. வரும் வியாழக்கிழமை அதிகாரி விசாரணைக்கு வருகிறார்.

இனி நான் சொல்ல வேண்டியது.

அந்தக் காப்பகத்தில் பிள்ளைகளின் தலையை எண்ணுவதில்லை, செருப்பை எண்ணுகிறார்கள். வாசலில் பதினாறு கட்டம் வைத்த அலமாரி. வாண்டுடைய கட்டத்தில் வாத்துப் படம். வெளியே போகும்போது செருப்பை எடுப்பார்கள், உள்ளே வந்தால் கட்டத்தில் வைப்பார்கள். எல்லாக் கட்டமும் நிறைந்தால் எல்லாப் பிள்ளையும் உள்ளே என்று கணக்கு. சின்ன டீச்சர் போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "பதினாறு கட்டமும் நெறஞ்சிருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்." பெரிய மேடம் சிரித்தாள். குழந்தையின் செருப்பு குழந்தை காலில் இருந்தது, கட்டம் எப்படி நிறையும், வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்றாள். எல்லோரும் அதை நம்பினார்கள்.

சின்ன டீச்சர் சொன்னது பொய் இல்லை. அன்று காலை புதுச் செருப்பு வாண்டின் குதிகாலைக் கடித்தது. இருக்கட்டும் என்று பழைய சிவப்பு ஜோடியையும் வாத்துப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. சின்ன டீச்சர் பேசியபோது தெரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் பையின் வாரைப் பார்த்தேன்.

உன் கல்யாணத்தில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

செருப்பை எண்ணியது அவர்கள் தப்பு. மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு. அதில் நான் இறங்கி வர மாட்டேன். நோட்டில் எழுதிய பொய்க்குச் சின்ன டீச்சர் பதில் சொல்லட்டும். சொல்லாத பொய்க்கு அவள் வேலை போகக் கூடாது. வியாழக்கிழமை நான் எழுந்து சொல்வேன். அந்தச் சிவப்பு ஜோடியைக் கொண்டுபோய் மேசைமேல் வைப்பேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும். உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டால் அப்புறம் நான் பின்வாங்க முடியாது. அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

சின்ன டீச்சர் அந்த முதல் வாரம் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்து வாண்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன் செருப்பு இருந்துச்சேடா, நீ உள்ள வந்துட்டேன்னு நெனச்சேன்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து வாண்டு செருப்பைக் கழற்றி எங்கேயும் வைப்பதில்லை. இரண்டு முறை தூக்கத்தில் கழற்றிப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்காருகிறாள். இப்போது நான் தொடுவதில்லை.

நீ வந்து அவளை அழைத்துக்கொண்டு போனால் தடுக்க மாட்டேன். அவள் துணிகளை மடித்து வைக்கலாம் என்று எடுத்தேன். பாதி மடித்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. மறந்துவிடு என்று கேட்க மாட்டேன், மறக்காத குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. திட்டுவதற்காகவாவது போன் செய். இந்தத் தடவை பேச்சை மாற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா