காளிக்கு ஒரு கூடை கரி

1976 ஜூன் 9
கல்லூரி நூலகத்தில் புது விஞ்ஞானப் பத்திரிகை. நடுக்கடலில் ஒரு மலையுச்சியில் உட்கார்ந்து சிலர் வருஷக்கணக்காகக் காற்றை அளக்கிறார்களாம். கரியமில வாயு ஆண்டுக்காண்டு ஏறுகிறது. கரியும் எண்ணெயும் எரிவதால். பூமியே சூடேறலாமாம். படித்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தால், ஒரு மாணவி மூன்று தரம் "மிஸ், சாவி" என்று கேட்டாளாம். எனக்குக் காதில் விழவில்லை. பௌதிகம் சொல்லிக்கொடுப்பவளுக்கு இவ்வளவு பராக்குக் கூடாது.

ஜூன் 12, சனி
அரியமங்கலத்தில் அண்ணன் இன்னாசிராஜின் பவுண்டரிக்குப் போனேன். பம்புசெட்டுக்கு இரும்பு வார்க்கிறார்கள். உலையில் ஓர் அடுக்கு இரும்பு, ஓர் அடுக்கு கரி. உலைக்காரர் வீரமலை அடுக்குக்கு நாலு கூடை கரி கொட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாவதும் கொட்டுகிறார். "இது காளிக்குங்க டீச்சரம்மா. இல்லாட்டி இரும்பு உருகாது."
ஒரு டன் கரி எரிந்தால் மூன்று டன் வாயு. கண்ணுக்கே தெரியாது. அதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன்.
"மேல போவுது. வேற எங்க போவும்? புகை வந்தாத்தான் நமக்குச் சோறு, ராணி" என்றான் அண்ணன்.

ஆகஸ்ட் 2
இரண்டு மாதமாக ஒரே படம் வரைகிறேன். உலையில் காற்று நுழையும் துளைகள் இப்போது ஒரு வரிசை. இரண்டு வரிசையாக்கினால் கரி முழுசாக எரியும், குறைந்த கரியே போதும். அண்ணன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நவம்பர் 20
பலித்துவிட்டது! புகை மெலிந்து போயிற்று. நாலு கூடையிலேயே இரும்பு தண்ணீராக ஓடியது. ஐந்தாவது தேவையில்லை.
ஆனால் வீரமலை பிடிவாதம். "காளி கூடைய நிறுத்தினா யாருக்காச்சும் கையி காலு போயிரும். நான் மாட்டேங்க."
"நிறுத்த வேண்டாங்க. நெருப்புல போடாம, அவ காலடியில வைங்க" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பேச்சு. அவர் கூடையைத் தூக்கிப்போய்ப் பின்சுவர் வேப்பமரத்தடியில் கொட்டிக் குங்குமம் வைத்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் காளிக்கு மேடை போட்டிருக்கிறேன். மாதா மன்னிக்கட்டும்.

1977 மார்ச் 5
குவியல் இடுப்புயரம்.

செப்டம்பர் 18
இப்போது என்னைவிட உயரம். என் மலைக்கோட்டை என்று சொல்லிக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் அதன் நிழலில்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். எரியாமல் போன கரிக்கு உலகத்தில் வேறெங்காவது கோயில் உண்டா? இதில் ஒரு கூடையைக்கூட யாரும் தொடமாட்டார்கள். காளி காவல்.
மாலை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்தபோது, பவுண்டரி இருக்கும் கிழக்குப் பக்கம் பார்த்தேன். வானம் துவைத்த வேட்டியாக வெளுத்திருந்தது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ராஜகோபுரம் வரை போய்விட்டேன். திரும்பி நடந்தேன், சுகமாக இருந்தது.

1978 பிப்ரவரி 11
கரி குறைந்ததால் அண்ணனால் விலையைக் குறைக்க முடிகிறது. கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் ஆர்டர். இரண்டாவது உலை கட்டுகிறான். என் படத்தை வைத்துத்தான்.

ஜூன் 24
கரி ஏற்றிவரும் ரயில் வாகன் எங்கோ நின்றுவிட்டது. பெரிய ஆர்டர், பத்து நாள் கெடு. தவறினால் ஆர்டர் போகும், புதிதாகச் சேர்ந்த இருபது பேருக்கும் வேலை போகும். அண்ணன் குவியலைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன்.
"காளிகிட்டயே கேட்டுருவோம்" என்றார் வீரமலை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். கேட்க ஆரம்பிப்பதற்குள் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். சிவப்பு வரட்டும், சிவப்பு வரட்டும் என்று நான் ஜெபமாலையை உருட்டினேன். அந்த இருபது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உருட்டினேன் — நான் என்ன மனுஷி?
வெள்ளை.

ஜூலை 3
ஒன்பது நாளில் மலை தீர்ந்தது. தரையில் கறுப்பு வட்டம் மட்டும். பஸ்ஸில் அழுதேன். "கரி எரியறதுக்குத்தானே இருக்கு ராணி?" என்கிறான் அண்ணன். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது.

1981 ஜனவரி 17
முன்பு மாதத்துக்கு ஒரு லாரி கரி. இப்போது வாரத்துக்கு ஒன்று. ஒரு வார்ப்புக்கு எவ்வளவு என்று பார்த்தால் குறைந்திருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் நாலு மடங்கு. நான் குறைத்தேனா, கூட்டினேனா?

1983 மே 14
வீரமலை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மாடி எடுத்துக்கட்டியிருக்கிறார், மின்விசிறி ஓடுகிறது. அவர் மனைவி காளியாயி அதை எனக்காக முழு வேகத்தில் வைத்தாள். இலையில் சோறே பறந்தது. பெரிய மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள்.
"டீச்சரம்மா, நீங்க கரிய கொறச்சீங்க. எங்களுக்குச் சோறு கூடுச்சு" என்றார்.
எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அந்த விசிறிக்கும் எங்கோ கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று இவரிடம் எந்த வாயால் சொல்வேன்? ஆனாலும் ஒன்று தீர்மானித்தேன்: இனி பவுண்டரிக்காகப் படம் வரைவதில்லை.

ஆகஸ்ட் 21
மூன்றாவது உலை. என் பேரையே எழுதிவைத்திருக்கிறார்கள், வெள்ளைப் பெயின்டில்: ராணி. தீப்பந்தத்தை என் கையில் கொடுத்தார்கள், பற்றவைத்தேன். புகையே இல்லை. மேலே நீல வானம். அறுபது பேர் கைதட்டினார்கள். காளியாயி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லவில்லை, அவ்வளவு சந்தோஷம்.
"இன்னும் கரியக் கொறைக்க முடியுமா ராணி? முடிஞ்சா நாலாவதும் போட்டுரலாம்" என்றான் அண்ணன்.
"முடியும்ணே" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.