நாலு மூலை மஞ்சள்

காலி,
8 ஜனவரி 1912

சௌபாக்கியவதி விசாலாட்சிக்கு,

பண்டாரவளை வரை மாட்டுவண்டி, அங்கிருந்து கொழும்புக்கு ரயில், மறுபடி காலிக்கு ரயில் என்று மூன்று நாள் உடம்பு நொந்து வந்து சேர்ந்தேன். பதுளையில் மழை விட்டதா? உன் இருமல் எப்படி இருக்கிறது? கஷாயத்தைக் குடிக்கிறாயா, சன்னல் வழியாகக் கொட்டுகிறாயா? உன் தம்பி வீரசிங்கம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல். அடுத்த வீட்டு ஸைனப் அக்காவையும் விசாரித்ததாகச் சொல்.

துரை நல்ல மனுஷர். அப்புத்தளைப் பக்கம் இருபது வருஷம் தேயிலைத் தோட்டம் பார்த்து ஓய்ந்தவர், இப்போது புத்தகம் எழுதப் புறப்பட்டிருக்கிறார். கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் காலிக் கோட்டையையும் ஹோட்டல் வாசலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்களாம். அவர்கள் கால் படாத இடங்களாகத் தேடிப் பார்த்து எழுதப் போகிறாராம். சிங்களத்திலும் தமிழிலும் வழி கேட்டுச் சொல்ல நான்.

நமக்கும் இதுதானே வேண்டும்? டாக்டர் சொன்னது உனக்கும் கேட்டதுதான். "இந்த ஈரக் குளிர்ல வச்சிருந்தா தாங்காதுங்க. ஆறு மாசம் கடக்காத்துப் படட்டும்." காலி நமக்குச் சரிப்படாது. ஒரே கூட்டம், சாரட்டு வண்டிகளின் புழுதி. துரை தனக்கு இடம் தேடட்டும், அதே வழியில் நான் உனக்கு ஒரு வீடு தேடுகிறேன். தை முடிவதற்குள் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். நம் பிள்ளையார் சாட்சியாகச் சொல்கிறேன்.

உன்
தம்பையா


பதுளை,
15 ஜனவரி 1912

அத்தானுக்கு,

நலம் என்று எழுதித்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும். எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விடவில்லை. பொங்கலன்று விறகு ஈரம். அடுப்பு புகைந்ததில் எனக்கு இருமல் வந்து, பானையை வீரசிங்கம்தான் இறக்கினான். ஸைனப் அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். "என்ன புள்ள இது, புருஷன் கடல் பாக்கப் போனா நீ பட்டினி கெடக்கணுமா? எந்திரிச்சுக் குடி!" அவர் போடும் சத்தத்துக்குப் பயந்தே பாதியைக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை இருமும்போது கொஞ்சம் ரத்தம் வந்தது. கொஞ்சம்தான். உங்களிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீடு பெரிதாக வேண்டாம். கடலைப் பார்த்த மாதிரி ஒரு சன்னல் இருந்தால் போதும். இந்தப் பதுளையிலேயே பிறந்து இந்த மலையையே பார்த்து முப்பது வயதாகிவிட்டது. கடல் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சீக்கிரம் வாருங்கள்.

தங்கள்
விசாலாட்சி


தேவந்துறை,
24 ஜனவரி 1912

விசாலத்துக்கு,

உன் கடிதம் மாத்தறைத் தபால் கந்தோரில் கிடைத்தது. ஒன்று சொல்கிறேன், திட்டாதே. இரண்டு நாள் அதைப் பிரிக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பொங்கல் கழிந்து வருகிற கடிதம், நாலு மூலையிலும் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. நல்ல சேதியானால் மஞ்சள் தடவித்தானே நம் ஆட்கள் அனுப்புவார்கள்? என் அப்பா போன சேதி வெறும் உறையில்தான் வந்தது. அன்றிலிருந்து மஞ்சளில்லாத உறையைப் பிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. இனி சுமாராக இருந்தாலும் மஞ்சள் தடவு தாயே.

ரத்தம் என்று எழுதியிருந்தாய். கஷாயத்தின் சூடாக இருக்கும். டாக்டரைக் கேள்.

இந்த முனையில் ஒரு வெளிச்சவீடு இருக்கிறது. அதற்குத் தெற்கே நிலமே கிடையாதாம், வெறும் தண்ணீர்தானாம். துரை உச்சிவரை ஏறினார், நான் பாதியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கடலின் நிறம் கேட்டாயே, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நீயே வந்து பார்த்துக்கொள்.

வெலிகமத்தில் ஒரு வீடு பார்த்தேன். கருவாட்டு நாற்றம், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே ஒரு சிங்கள அம்மாவின் வீடு இருக்கிறது, நீ கேட்ட சன்னலும் இருக்கிறது. ஆனால் கிணற்று நீர் உப்பு. கிழக்கே போகப் போக இன்னும் நல்ல கரைகள் உண்டென்று துரை சொல்கிறார். கொஞ்சம் பொறு.

உன்
தம்பையா


பதுளை,
30 ஜனவரி 1912

அத்தானுக்கு,

கிணற்று நீர் உப்பா? நான் என்ன அங்கே வந்து குளித்துக் கும்மாளம் போடவா போகிறேன்? மூச்சு விடத்தானே வருகிறேன்!

உங்களோடு பதினொரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். என் அம்மா படுக்கையில் கிடந்தபோது, சரக்கு எடுக்க வேண்டும் என்று பண்டாரவளைக்குப் போய் உட்கார்ந்தீர்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தீர்கள். வந்து என்னைவிடச் சத்தமாக அழுதீர்கள். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். நீங்கள் வீடா தேடுகிறீர்கள்? என் இருமல் காதில் விழாத தூரத்தைத் தேடுகிறீர்கள் அத்தான்.

கஷாயத்தின் சூடு இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். நேற்றும் வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், கிழித்துப்போட்டு வேறு எழுதத் தெம்பில்லை. மஞ்சள் தடவச் சொன்னீர்கள். எந்த நல்ல காரியத்துக்கு? வெறும் உறைதான் வருகிறது. எப்போதாவது பிரித்துத் தொலையுங்கள்.

விசாலாட்சி


தங்காலை,
6 பெப்ருவரி 1912

விசாலத்துக்கு,

மூன்று நாள் கழித்துப் பிரித்தேன். நீ எழுதியது அத்தனையும் சரி. விடியற்காலையில் நீ இருமும்போது நான் தூங்குகிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடப்பேன். எழுந்து உன் முதுகைத் தடவிவிடக்கூட எனக்குத் தைரியம் வந்ததில்லை. பயந்தாங்கொள்ளியைக் கட்டிக்கொண்டாய், என்ன செய்வது.

இங்கே வருகிற வழியில் கரைப் பாறையில் ஒரு துளை பார்த்தோம். ஆனி ஆடியில் கடல் அதன் வழியாகத் தென்னை உயரத்துக்குப் பீறிடுமாம். இப்போது கடல் அமைதி, அதனால் தண்ணீர் வரவில்லை. உள்ளே காற்று மட்டும் இழுத்து இழுத்து விடுகிறது. துரை காதை வைத்துக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை விசாலம். தலைவலி என்று சொல்லிவிட்டுத் தென்னந்தோப்புக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் வீடு கிடைத்துவிட்டது! இங்கிருந்து மூன்று மைல், பெயரே இல்லாத ஒரு சின்னக் கரை. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் அலை சத்தம் போடாமல் வந்து போகிறது. வெள்ளையடித்த வீடு, நல்ல தண்ணீர், உன் கட்டிலைப் போட்டால் படுத்தபடியே கடல் தெரிகிற சன்னல். நானே தரையில் படுத்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் பேசி முடித்துவிட்டேன். அந்த இடத்தைப் புத்தகத்தில் எழுத வேண்டாம் என்று துரையிடமும் கேட்டுக்கொண்டேன்.

உள்நாட்டில் முல்கிரிகல என்று ஒரு பாறைக் கோயில், அது ஒன்றுதான் துரைக்குப் பாக்கி. வாக்குக் கொடுத்துவிட்டேன். அது முடிந்த கையோடு ரயில் ஏறுகிறேன். பதிலைத் தங்காலைத் தபால் கந்தோருக்குப் போடு.

உன்
தம்பையா


பதுளை,
11 பெப்ருவரி 1912

அத்தானுக்கு,

மஞ்சளைப் பார்த்ததும் கையோடு பிரித்திருப்பீர்கள். அதற்காகத்தான் தடவினேன். ஸைனப் அக்கா அரைத்துக் கொடுத்தார், நாலு மூலையிலும் நானே தடவினேன். உள்ளே நல்ல சேதி இல்லை. உங்களை ஏமாற்றிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

தந்தி கொடுக்கலாம் என்றான் வீரசிங்கம். "வேணாம்டா, தந்தின்னா உங்க அத்தான் பிரிக்கவே மாட்டாரு" என்றேன். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டான்.

படுத்தபடியே எழுதுகிறேன், இது இரண்டாம் நாள். டாக்டர் இப்போது கடலைப் பற்றிப் பேசுவதில்லை. நாட்டு வைத்தியர் ஒருவர் வந்து நாடி பார்த்துவிட்டு வாசலில் நின்று வீரசிங்கத்திடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அமாவாசை தாண்டட்டும், பாப்போம்." அமாவாசை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இது உங்களுக்குப் புதன்கிழமை கிடைத்துவிடும். வியாழக்கிழமை புறப்பட்டால் சனிக்கிழமை வந்துவிடலாம். கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்றோடு தை முடிகிறது. சத்தியத்தை நினைவுபடுத்தவில்லை, சும்மா சொன்னேன்.

எனக்கு வீடு வேண்டாம். கடலும் வேண்டாம். நீங்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள். பயமாக இருந்தால் பயந்துகொண்டே உட்காருங்கள், நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது அத்தான்.

தங்கள்
விசாலம்


தங்காலை வாடிவீடு,
19 பெப்ருவரி 1912, திங்கட்கிழமை

விசாலம்,

நீ போட்ட கணக்குச் சரி. உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது.

தபால்காரன் கையில் இருக்கும்போதே மஞ்சள் தெரிந்தது, நாலு மூலையிலும். நடு வீதியில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். "என் சம்சாரத்துக்குச் சுகமாகிவிட்டது" என்று துரையிடம் சொன்னேன். அவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிரிக்கவில்லை. ஐயோ, இந்தத் தடவை பயத்தில் இல்லை விசாலம். சந்தோஷத்தில். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக உன் கையால் மஞ்சள் தடவி வந்த கடிதம். அதை வண்டிப் புழுதியில் பிரிக்க மனம் வரவில்லை. நம் வீட்டுச் சன்னலடியில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி, ஆற அமரப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெட்டியில் துணிக்கு மேலே வைத்துக்கொண்டு முல்கிரிகலவுக்குப் போனேன். நாலு நாளும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மஞ்சள் வாசனை வந்தது. பாறையில் ஐந்நூறு படியும் மூச்சு வாங்காமல் ஏறினேன். தலைகூடச் சுற்றவில்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் அந்த வீட்டுக்கு வந்தேன். சன்னலடியில் உட்கார்ந்தேன். பிரித்தேன்.

நீ பிரிக்கச் சொல்லி மஞ்சள் தடவினாய். நான் அந்த மஞ்சளுக்காகவே பிரிக்காமல் இருந்தேன். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்? மூன்று மைலும் ஓடிவந்தேன். தந்திக் கந்தோர் பூட்டியிருந்தது. இன்று காலையில் கதவு திறந்ததும் வீரசிங்கத்துக்குத் தந்தி கொடுத்தேன். "புறப்படுகிறேன். அக்கா எப்படி?"

பதில் பதினொரு மணிக்கு வந்துவிட்டது. இப்போது மணி இரண்டு. நானும் துரையும் தங்கியிருக்கிற இந்த வாடிவீட்டு மேசையில் எனக்கு முன்னால் இருக்கிறது. தந்தியில் மஞ்சளும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பிள்ளை பிறந்தாலும் இதே உறை, வேறு என்ன ஆனாலும் இதே உறை. தபால் கந்தோர் ஆளைக் கூப்பிட்டு, "இதில் என்ன இருக்கிறது என்று உமக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்களே பாருங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, கையோடு கொண்டுவருகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கிறவரை நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு, கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னும் என்ன எழுதுறாரு இந்த மனுஷன்" என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சன்னலைச் சாத்தாமல் வந்துவிட்டேன் என்று இப்போதுதான் நினைவு வருகிறது. அந்த ஒரு சன்னலுக்காகத்தானே இத்தனையும்.

மாத்தறைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. "ஏறுங்க ஐயா, நேரமாச்சு" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான் வண்டிக்காரன். தாளிலும் இடமில்லை.

தந்தி என்றால் நான் பிரிக்கவே மாட்டேன் என்றாயாமே. பிரிக்கிறேன் விசாலம். பயந்துகொண்டேதான் பிரிக்கிறேன்.

தம்பையா