பானைக்குக் கட்டிய வீடு

கைப்பையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை அலசிவிட்டேன். வாடை போகவில்லை. ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டார் நேற்று என்னையும் காரில் மலை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். இடிந்த கல்வீடுகளை நீங்கள் எடுத்துக் கட்டிய அதே பழைய அரபு ஊர். உங்கள் கடைசி சைட். உங்களை நம் ஊருக்குப் பெட்டியில் அனுப்பினார்களே தவிர, நீங்கள் வைத்த ஒரு கல்லையும் நான் பார்த்ததில்லை. ஒன்றையாவது தொட்டுவிட வேண்டும் என்று ரோலாவில் வீட்டு வாசலில் கார் ஏறும்போதே மனசு அடித்துக்கொண்டது.

போனில் சொல்வீர்களே. அந்தக் காலத்து அரபிகள் குளிருக்கு மலைமேல் கோதுமை விதைப்பார்கள். வெயில் வந்தால் வீட்டைப் பூட்டிக் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். தானியம் களவு போகாமலிருக்க முதலில் பெரிய பானையை நிறுத்தி, அப்புறம் சுற்றிச் சுவர் எழுப்புவார்கள். வாசலைவிடப் பானை பெரிசு. "பானைக்குத்தான் வீடு புள்ள, மனுசன் சும்மா ஒண்டிக்கிறான்" என்று சிரிப்பீர்கள். வாசலை அகலமாக வை என்று ஃபோர்மேன் கத்தியபோதும், "பாய், பானை வெளிய ஓடிரும்" என்று சின்னதாகவே வைத்தீர்கள்.

முழுப்பானை மிஞ்சியது அந்த ஒரு வீட்டில்தான் என்றீர்கள். தேடிப்போய்க் குனிந்து நுழைந்தேன். பானைக்குள் எட்டிப் பார்த்தால் காபிக் கப்பு, சிகரெட் துண்டு, புளித்த பால் நாற்றம். வெளியே ஒரு கைடு, பல நூறு வருஷமாக யார் கையும் படாத சுவர் என்று அளந்துகொண்டிருந்தான்.

பின்னாலேயே வந்த மேடம், குழந்தையின் டயப்பரைச் சுருட்டி நீட்டினார்.

"அக்கா, அதுல போட்டுடுங்க."

"இது சாப்பாட்டுப் பானை மேடம்."

"இப்ப யாரு அதுல சாப்பிடப் போறா? எல்லாரும்தானே போட்டிருக்காங்க!"

நான் போடவில்லை. தோள்வரை கையை விட்டு, எட்டியதையெல்லாம் அள்ளி, டயப்பரோடு கைப்பையில் திணித்தேன். இரண்டு கையும் அசிங்கம். அந்தக் கையால் உங்கள் சுவரைத் தொட மனசு வரவில்லை. ஆத்திரத்தில் குனிய மறந்து வெளியே வந்தேன். வாசலின் மேல்கல் நெற்றியில் 'ணங்' என்று இடித்தது.

"காரா இது, குப்பை லாரியா?" என்று வழியெல்லாம் மேடம் திட்டினார். நான் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தேன்.

பை நாறினால் நாறட்டும். இந்தப் புடைப்பு மட்டும் சீக்கிரம் வற்றாமல் இருக்க வேண்டும்.