யாரோடு யார் முகவரி மாறும்

நீடாமங்கலம் ரயிலடியில் நெல் மூட்டைகள் மேல் புதுத் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். மழை வரும்போலிருந்தது. வேறொரு செய்திக்காகப் போயிருந்த எனக்கு அந்தத் தார்ப்பாய் வாடை மூக்கில் ஏறியதும் அங்கே நிற்க முடியவில்லை. குறிப்பெடுப்பதைப் பாதியில் விட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். வந்த பேருந்துகளை விட்டுக்கொண்டே நின்றேன். உன்னிடம் பேசவேண்டும்போலிருந்தது.

புயல் அடித்து ஓய்ந்தபோது நீயும் நானும் இருந்த அந்தக் கடற்கரை ஊர்ச் சங்க அலுவலகம் முழுக்க, நிவாரணத்துக்கு வந்த தார்ப்பாய்களின் இதே வாடைதான். ஊரில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சங்கத்துக்கே தெரியாமல் போனதால், உன்னைக் கூப்பிட்டு ஒரு டேட்டாபேஸ் எழுதச் சொல்லியிருந்தார்கள். நீ சென்னைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பாபநாசத்துக்குத் திரும்பி, அரிசி ஆலைக்கும் டிராவல்ஸுக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன அப்பாவுக்கு நீ என்ன வேலை செய்கிறாய் என்று கடைசிவரை விளங்கவைக்க முடியவில்லை என்று சிரிப்பாய்.

எனக்கு விளங்கவைத்தாய். ஆட்களுக்குத் தனிப் பதிவு, வீடுகளுக்குத் தனிப் பதிவு. ஒருவருடைய பதிவில் எதையாவது மாற்றி சேவ் கொடுத்தால், அவரோடு சேர்ந்த மற்றவர்களின் பதிவுகளும் தாமாக மாறும்படி மெத்தட் என்று ஒரு சின்ன நிரல்துண்டு எழுதி உள்ளேயே வைத்திருந்தாய். செய்தும் காட்டினாய். கணவர் தெரு மாறினார். அந்தக் கணமே மனைவியும் பிள்ளைகளும் மாறினார்கள். “ஒரு இடத்துல தொட்டா போதும்யா. விட்டுப்போச்சுங்கிற பேச்சே இல்ல.”

தார்ப்பாய் கொடுத்த அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தார். பெயர் ஷரீபா. அவர் வீட்டுக் கூரையில் பாதி ஓடு போயிருந்தது, அன்று மாலையே மறுபடி மழை என்றார்கள். ஆனால் அவர் வீடு காலி என்றும், அவர் மேலத்தெருவில் மாமியார் வீட்டில் இருப்பதாகவும் திரை காட்டியது. மாமியார் வீட்டுக்கு ஏற்கெனவே ஒன்று கொடுத்தாயிற்று என்றார் செயலாளர்.

“என் வீட்டுல நான் இல்லைன்னு யாருங்க சொன்னது?”

கம்ப்யூட்டர் சொல்லுது என்றார் ஒருவர்.

“வந்து பாத்துச்சாமா?”

சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, எழுந்துவிட்டாய். விஷயம் உனக்குப் பிடிபட்டிருந்தது. ஷார்ஜாவில் இருந்த அவர் கணவர், பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இங்கும் இருக்கட்டும் என்று தன் முகவரியைத் தாய் வீட்டுக்கு மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றியவர் சேவ் கொடுத்தார். மனைவியையும் பிள்ளைகளையும் கொண்டுபோய் மேலத்தெருவில் வைத்தது உன் மெத்தட்.

நான்தாம்மா அதை எழுதினேன் என்றாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க வாப்பா எனக்குக் கட்டிக்கொடுத்த வீடுங்க அது. மாப்பிள்ளைதான் இங்க வந்தாரு. அட்ரஸ மாத்துனா அவரு போகட்டும், நான் ஏன் போவணும்? நீங்க எந்த ஊரு?”

“பாபநாசம் பக்கம்.”

“அங்கல்லாம் பொம்பளைங்க பின்னாடியே போயிருவாங்களோ?”

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அங்கே குடிவைக்கும் ஊர் அது. உனக்கும் எனக்கும் அது தெரிந்ததுதான். தெரிந்தும் எழுதும்போது உன் விரல்கள் நம் ஊர் வழக்கத்தையே எழுதியிருந்தன.

அவரிடம் தார்ப்பாயைக் கொடுத்து, கட்டிவிட ஆளையும் கூட அனுப்பினாய். பிறகு பார்த்தால் அதே மாதிரி திரையில் காலியான வீடுகள் இன்னும் இருந்தன. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, மெத்தட்டைத் திருப்பிப்போட்டாய்: இனி மனைவியோடு கணவர் போவார். செயலாளர் தாடியைத் தடவிக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்த தன் மருமகள் தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்றார். நீ உட்கார்ந்தாய், எழுந்தாய், டீக்கடைக்குப் போய் டீ சொல்லிவிட்டுக் குடிக்காமலே திரும்பினாய். “எப்படி எழுதுனாலும் யாராவது ஒருத்தர் வீடு காலியாவுதுய்யா.”

அந்த வாரம் முழுக்க நீ ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடைசியில் முகவரியை வீட்டின் பதிவில் மட்டும் வைத்தாய். ஒருவர் மாறினால் அவர் மட்டும் மாறுவார்; சேர்ந்தவர்களுக்கு, நீங்களும் மாறுகிறீர்களா என்று ஒரு கேள்வி போகும், பதில் வரும்வரை அவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். இதனால் வேலை தாமதமாகும் என்று சங்கத்தில் முணுமுணுத்தார்கள். “சேந்திருக்கறதும் கூடவே போறதும் ஒண்ணு இல்லய்யா” என்று என்னிடம் சொன்னாய்.

போன மாதம் உன் கருமாதிக்கு வந்திருந்தேன். பந்தி முடிந்ததும் உன் மைத்துனரும் மகனும் பேச ஆரம்பித்தார்கள். அம்மா என்னோடு ஐதராபாத் வந்துவிடும், வீட்டை வாடகைக்கு விடலாம், கேஸ் இணைப்பை மாற்றவேண்டும், ரேஷன் கார்டை மாற்றவேண்டும் என்றான் மகன். அன்பாகத்தான் பேசினான். உன் மனைவி தூணோரம் நின்று காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. என் வேலை இல்லைதான், இருந்தாலும் எழுந்து போய்க் கேட்டேன்.

“நீங்க எங்க இருக்கலாம்னு நினைக்கிறீங்கம்மா?”

மகன் என்னைப் பார்த்தான், பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். அவர் டம்ளர்களைக் கீழே வைத்தார்.

“தெரியலண்ணே. யோசிக்கணும்.”

யோசிங்க என்றேன். இன்னும் பதில் வரவில்லை. அதுவரை அவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று உன் மகனிடம் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.